கூண்டு கேட்டுக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவைக்கு மேற்கே, மருதமலை அடிவாரத்தை ஒட்டிய ஒரு லேஅவுட்டில் இரண்டு வருடத்துக்கு முன்பு வீடு கட்டிக் குடிவந்தோம். போன வாரம் இரவு இரண்டு மணிக்கு ஒரு சிறுத்தை எங்கள் காம்பவுண்டு சுவர் மேல் நடந்து போனது எதிர்வீட்டு சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது. நிற்கக்கூட இல்லை, சாவகாசமாக நடந்து போகிறது. அடுத்த நாள் இரவு தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய் ஒன்று காணாமல் போய்விட்டது. கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்கள் பையனுக்கு நாலு வயது. என் அத்தை விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார். வீட்டில் ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம். கணவர் பைக்கில் வேலை முடிந்து வர இரவு பத்து மணி ஆகும். கையெழுத்துப் போடுவதா, வீட்டையே காலி செய்வதா என்று தெரியாமல் தூக்கம் வருவதில்லை. (பெயர் வேண்டாம், கோவை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டையும் காலி செய்ய வேண்டாம். ஆனால் இன்று மாலையிலிருந்தே உங்கள் வீட்டில் சில பழக்கங்களை மாற்றியாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள். வனவிலங்கு மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் சிறுத்தைகளைக் கூண்டிலும் வலையிலும் கிணற்றிலும் பார்த்திருக்கிறேன். ‘அதெல்லாம் ஒன்றும் செய்யாது’ என்று உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அப்படிப் பேசக்கூடாது.

சாவகாசமாக நடந்து போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரியே நிறையச் சொல்லிவிட்டது. புது இடத்துக்கு வந்த சிறுத்தை பெரும்பாலும் அப்படி நடக்காது. பம்மும், நின்று நின்று காதைத் திருப்பும், நிழலை ஒட்டியே போகும். மதில்மேல் பூனை போல நடக்கிறது என்றால் அந்த வழி அதற்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். உங்கள் லேஅவுட் வருவதற்கு முன்பு அங்கே சோளக்காடு இருந்திருக்கும், காட்டைச் சுற்றி வேலி இருந்திருக்கும். அந்த வேலியோரமாக அதுவோ அதன் தாயோ போய்வந்திருக்கும். இப்போது வேலிக்குப் பதில் சுவர். நீங்கள் குடிவந்த இரண்டு வருடத்தில் எத்தனை இரவு அது உங்கள் வீட்டைக் கடந்து போயிருக்குமோ தெரியாது. கேமராவில் விழுந்த பிறகுதான் தூக்கம் போயிருக்கிறது.

‘ஊருக்குள் புகுந்த சிறுத்தை’ என்று செய்தியில் போடுகிறார்கள். புலிக்கு அது பொருந்தலாம். புலிக்குப் பெரிய காடும் பெரிய இரையும் வேண்டும். சிறுத்தைக்கு அடர்ந்த காடுதான் வேண்டும் என்பதில்லை. ஒரு கரும்புத் தோட்டம், ஒரு ஓடை, நாலு புதர், பக்கத்தில் நாயோ ஆடோ இருந்தால் குட்டி போட்டு வளர்த்துவிடும். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 13,874 சிறுத்தைகள் என்றும், தமிழ்நாட்டில் 1,070 என்றும் மதிப்பிட்டார்கள். அது பெரும்பாலும் காட்டுப் பகுதிகளில் எடுத்த கணக்கு. தோட்டங்களிலும் ஊரோரங்களிலும் வாழ்பவை பல அந்தக் கணக்கில் வருவதில்லை. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகரத்துக்குள்ளேயே ஒரு சிறுத்தை நடமாடியதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். மலை எங்கே, மயிலாடுதுறை எங்கே! மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற கரும்பு விளையும் பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவை தின்றதில் எடைக்கணக்கில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டுமே 39 சதவீதம். உங்கள் தெருக்கோடி நாய் ஏன் போனது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

சரி, கூண்டுக்கு வருகிறேன்.

கூண்டு வைப்பது என்றால் உள்ளே உயிருள்ள ஓர் ஆட்டையோ நாயையோ இரையாகக் கட்ட வேண்டும். இரவு முழுக்க அது கத்தும். அந்தச் சத்தத்துக்கும் வாடைக்கும் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சிறுத்தை நடமாடினாலும் வந்து பார்க்கும். வேறு பக்கமாகப் போயிருக்க வேண்டியதைக்கூட நாமே தெருவுக்குக் கூப்பிடுகிறோம். விழுவதும் சுவரில் நடந்த அதே சிறுத்தைதானா என்பதற்கு உறுதி கிடையாது. ஒரு மலையூரில் அப்படிப் பிடிபட்ட ஒன்றைப் பரிசோதிக்க என்னைக் கூப்பிட்டார்கள். பால் கொடுக்கும் தாய். குட்டிகள் எங்கேயோ புதரில். இரண்டு இரவு தேடினோம், கிடைக்கவில்லை. அந்த ஊரில் ஆடு பிடித்ததோ ஒரு பெரிய ஆண் சிறுத்தை. கால்தடத்தை வைத்தே தெரிந்தது, அது அதற்கப்புறமும் வந்துகொண்டிருந்தது. அந்தத் தாயின் மேல்வரிசைக் கோரைப்பல் இரண்டும் கம்பியைக் கடித்து உடைந்திருந்தன. கூண்டில் விழும் சிறுத்தைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். கோரைப்பல் போன சிறுத்தைக்கு மானும் பன்றியும் பிடிப்பது கடினம். எளிதான இரையைத் தேட வேண்டிய நிலைக்கு நாமே அதைத் தள்ளுகிறோம்.

பிடித்துத் தூரத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் 1993 முதல் 2001 வரை மனிதர்மேல் நடந்த சிறுத்தைத் தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4. அப்புறம் ஏராளமான சிறுத்தைகளைப் பிடித்துப் பக்கத்துக் காடுகளில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள். 2001 முதல் 2003 வரை அந்தச் சராசரி 17 ஆனது. உயிர் போன தாக்குதல்களின் விகிதமும் இரண்டு மடங்கானது. வித்யா ஆத்ரேயாவும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்த வேலைதான் ஆபத்தைக் கூட்டியது. மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி 2002 முதல் 2004 வரை தாக்குதல்கள் அதிகமானபோதும் வெளியிலிருந்து பிடித்துவந்து அங்கே விடப்பட்ட சிறுத்தைகள் ஒரு காரணமாகப் பேசப்பட்டன.

ஏன் அப்படி? சிறுத்தைக்கு எல்லை உண்டு. தன் எல்லைக்குள் எந்த வீட்டில் விளக்கு எப்போது அணையும், எந்த ஓடையில் ஆள் வரமாட்டார்கள், எந்தச் சுவர் வழியாக யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. மனிதரைத் தவிர்க்கத் தெரிவதே அந்தப் பழக்கத்தால்தான். அடிபட்டு, மிரண்டு, பல் உடைந்து, தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் அந்த அறிவு ஒன்றும் உதவாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் சிறுத்தை அதைத் துரத்தும். அது வீடு திரும்பப் பார்க்கும். 2009இல் கிணற்றில் விழுந்த வயதான ஆண் சிறுத்தை ஒன்றை மீட்டு, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி, மகாராஷ்டிரத்தின் மால்ஷேஜ் மலைப்பாதைப் பக்கம் விட்டார்கள். அஜோபா என்று பெயர் வைத்தார்கள், மராத்தியில் தாத்தா. அந்தத் தாத்தா ரயில் பாதைகளையும் நெடுஞ்சாலைகளையும் தாண்டி, ஒரு மாத அளவில் சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பைப் பூங்காவுக்கே வந்து சேர்ந்தது. வழியில் யாரையும் தொடவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு வண்டியில் அடிபட்டுச் செத்தது.

இன்னொன்று. உங்கள் தெருவின் சிறுத்தையை எடுத்துவிட்டால் அந்த எல்லை காலியாகவே இருக்காது. நாயும் குப்பையும் அப்படியே இருக்கிறதே. தாயைப் பிரிந்து இடம் தேடும் இளம் சிறுத்தை ஒன்று வரும். பழைய சிறுத்தைக்குத் தெரிந்தது எதுவும் அதற்குத் தெரியாது. இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் 2011இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையும், கண்ணில் பட்டது என்பதற்காகச் சிறுத்தையைப் பிடித்து இடம் மாற்றக்கூடாது என்று சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது. தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தராமல் யாரும் அதைப் பிடிக்க முடியாது. உங்கள் வனச்சரகர் தயங்கினால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள்.

கூண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மனிதரைத் தாக்கிய சிறுத்தையை, பட்டப்பகலில் ஆள் இருப்பது தெரிந்தும் திரும்பத் திரும்ப வீட்டருகே வருவதை, காயம்பட்டு வேட்டையாட முடியாமல் ஊரைச் சுற்றுவதைப் பிடித்தே ஆக வேண்டும். அப்போது நானே முதல் ஆளாகக் கேட்பேன். 2024 ஜனவரியில் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் மூன்று வயதுக் குழந்தை இறந்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அந்தத் தாய்மாரிடம் போய்ச் சிறுத்தையின் எல்லையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. உங்கள் தெருவில் நடந்தது அது இல்லை. இரவு இரண்டு மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், ஒரு விலங்கு கடந்து போயிருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தைகள் எந்த நேரத்தில், எந்த நிலையில் தாக்கப்பட்டார்கள் என்று பார்த்தால் உங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

நேரம், உயரம். இரண்டுதான். வால்பாறையில் பல சம்பவங்கள் சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போதும் இரவின் தொடக்கத்திலும் நடந்தன. பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும், அம்மா உள்ளே அடுப்படியில் இருப்பார், வீட்டை ஒட்டியே தேயிலைப் புதர். சிறுத்தையின் இரை எல்லாம் நம் இடுப்புக்குக் கீழே இருப்பவை: நாய், ஆடு, பன்றி, மான்குட்டி. நிமிர்ந்து நிற்கும் ஆளை அது இரையாக எண்ணுவது மிக அபூர்வம். மங்கல் வெளிச்சத்தில் ஒரு சிறு குழந்தையோ, குந்தியிருக்கும் பெரியவரோ அந்த உயரத்துக்குள் வந்துவிடுகிறார்கள். திறந்தவெளியில் மலம் கழிக்கப் போனவர்களை அது தாக்கியதற்கும் காரணம் இதுதான்.

அதனால் உங்கள் பையனுக்கு ஒரே விதி. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே அவன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் வெளியே போவதென்றால் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். ‘கேட்டுக்குள்தானே விளையாடுகிறான்’ என்று விட்டுவிடாதீர்கள். பத்தடிச் சுவரைச் சிறுத்தை எளிதாகத் தாண்டும், கேட்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதாலும் பயன் கிடையாது. பகலில் தாராளமாக விளையாடட்டும். பள்ளிக்குப் போகட்டும், மண்ணில் புரளட்டும். பகலையும் பயந்து பூட்டிவைத்தால் பிள்ளைக்கு நல்லதில்லை.

அடுத்து உங்கள் அத்தையின் கோலம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். கேமராவில் பதிவான சிறுத்தையைவிட அதிகக் கவலை. விடிவதற்கு முந்தின இருட்டு, தெரு அடங்கியிருக்கிறது, ஒரு வயதானவர் குனிந்தும் குந்தியும் தெருவுக்கு முதுகைக் காட்டியபடி கால்மணி நேரம் இருக்கிறார். கோலத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நல்ல வெளிச்சம் வந்த பிறகு போடட்டும். மார்கழியில் இருட்டோடு போட்டே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், முதலில் வாசல் விளக்கைப் போட்டு, கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாகத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ரேடியோவோ கைபேசியில் பாட்டோ சத்தமாக ஓடட்டும். மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தால் அது வேறு வழி பார்த்துக்கொள்ளும். அத்தையிடம் ‘சிறுத்தை அடித்துவிடும்’ என்று பயமுறுத்தாமல், சிறிது நேரம் தள்ளிப் போடச் சொல்லி உங்கள் கணவரே பேசினால் நல்லது.

நாய். இரவில் வெளியே சங்கிலியில் கட்டிப்போட்ட நாய், சிறுத்தைக்கு நாம் பரிமாறி வைத்த இரை. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அவிழ்த்துவிட்டால் தெருவுக்குப் போய்விடும். வீட்டுக்குள் படுக்க வைக்க முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால் நாலு பக்கமும், முக்கியமாக மேலேயும், கனமான வெல்டு மெஷ் போட்ட கூண்டு செய்யுங்கள். கோழிவலை தாங்காது. தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சிறுத்தை பாதத்தாலேயே இழுத்துவிடும். உள்ளே நாய் ஒதுங்கப் பலகை வைத்து ஒரு மூலையை மறையுங்கள், கம்பியோரம் படுத்தால் கம்பி வழியாகவே நகம் படும். மிச்சச் சோற்றை இரவில் வெளியே வைக்காதீர்கள். ரேபிஸ் ஊசியும் டிஸ்டெம்பர் ஊசியும் ஒரு தவணைகூட விட்டுப்போகக்கூடாது. இந்த நோய்கள் நாயிடமிருந்து சிறுத்தைக்கும் தொற்றும். ரேபிஸ் பிடித்த சிறுத்தையோடு யாரும் இணங்கி வாழ முடியாது.

நடுராத்திரி நாய் வெறிகொண்டு குரைத்தால் கதவைத் திறந்து டார்ச்சோடு இறங்கிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளிருந்தே வாசல் விளக்கைப் போடுங்கள், ஜன்னல் கம்பியைத் தட்டுங்கள், சத்தம் போடுங்கள். பிடித்த இரையை விட்டுப் போகச் சொல்லிச் சிறுத்தையின் எதிரே போய் நிற்பதுதான் பெரியவர்கள் காயம்படும் வழி. நாய் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், அந்த நேரத்தில் சிறுத்தையின் வாயிலிருந்து பிடுங்கப் போகக்கூடாது.

கொங்கு நாட்டில் எத்தனையோ ஊரில் புலிக்குத்திக் கல் நிற்கிறது. பட்டியில் இருந்த மாட்டைக் காப்பாற்றப் புலியோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் எடுத்த நடுகல். அந்த வீரனை நினைக்கும்போது பட்டியையும் நினைத்துப் பார்ப்பேன். பொழுது சாயும்போது ஆட்டை உள்ளே ஓட்டி, படலைச் சாத்தி, முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். தினமும், தவறாமல். இந்த மலையடிவாரத்தில் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். சைட் வாங்கிக் குடிவந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. பத்திரத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் கணவர் இரவு பைக்கில் வரும்போது எதிரில் சிறுத்தை குறுக்கிட்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹெட்லைட்டை அணைக்காமல், அது கடந்து போகும்வரை காத்திருக்கட்டும். விரட்டிக்கொண்டு போகவோ, இறங்கி வீடியோ எடுக்கவோ வேண்டாம். நடந்து போகும்போது எதிர்ப்பட்டால் ஓடக்கூடாது, உட்காரக்கூடாது. முகத்தைக் காட்டியபடி, கையை உயர்த்தி, சத்தமாகப் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும். குழந்தை கூட இருந்தால் குனியாமல் தூக்கிக்கொள்ளுங்கள். அது போக ஒரு வழி திறந்திருக்க வேண்டும், முட்டுச்சந்தில் மடக்கிவிடக்கூடாது. இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் இரவுச் சாலையில் உயிருக்கு உண்மையில் பயப்பட வேண்டியது யானைக்கு. அது இருட்டில் நின்றால் பாறை மாதிரித்தான் தெரியும். வளைவுகளில் மெதுவாக வரட்டும்.

இனி தெருவின் வேலை. உங்கள் வீடு மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. காலி மனைகளில் கோழிக்கடைக் கழிவும் ஓட்டல் மிச்சமும் கொட்டுகிறார்களா என்று பாருங்கள். ஏறக்குறைய எல்லாப் புறநகரிலும் கொட்டுகிறார்கள். கழிவுக்கு நாயும் பன்றியும் வரும், அவற்றுக்குச் சிறுத்தை வரும். எனக்குத் தெரிந்து சிறுத்தை அடிக்கடி வந்த ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு குப்பைமேடு இருந்தது. நானே போய் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் ஓரத்தில் கால்தடம் பார்த்திருக்கிறேன். நகக்குறி இல்லாமல் வட்டமாக, பின்பக்கம் மூன்று மடிப்போடு ஏழெட்டு சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தால் அது சிறுத்தை. நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் நாய். தெருநாய்க்குச் சோறு வைப்பவர்களோடு சண்டை போடாதீர்கள். பகலிலேயே, ஒரே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்த நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட உள்ளாட்சியைக் கேட்க வேண்டும். புதர் மண்டிய மனைகளை உரிமையாளர்கள் வெட்டிவிட வேண்டும். உண்ணிச்செடிப் புதர் ஒன்று இருந்தால் போதும், ஒரு சிறுத்தை பகல் முழுக்க அதில் படுத்துக்கொள்ளும், பக்கத்திலேயே நீங்கள் நடந்து போவீர்கள், தெரியாது.

ஆக, சங்கத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் சொன்னால் உங்களை ஒதுக்கிவிடுவார்கள். வேறொரு மனுவை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். எரியாத தெருவிளக்குகளின் எண்கள், கழிவு கொட்டும் இடங்கள், காலி மனைகளின் பட்டியல், தெருநாய்க் கருத்தடை. இவை உள்ளாட்சிக்கு. வனத்துறைக்குத் தனியாக: சில வாரம் கேமரா வைத்து எத்தனை சிறுத்தை, எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும், மாலையில் ரோந்து வேண்டும், தெருவாசிகளை ஒருநாள் கூட்டிப் பேச வேண்டும், அவசரத்துக்கு எந்த எண்ணை அழைப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கூண்டு கேட்பவர்களும் இதில் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களுக்கும் வேண்டியது பிள்ளைகளின் பாதுகாப்புதானே.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கோ எப்போதோ எடுத்த வீடியோவை ‘இப்போது நம் தெருவில்’ என்று போடுவார்கள். தேதியும் இடமும் இல்லாத எதையும் பகிரக்கூடாது என்று முடிவெடுங்கள். உண்மையிலேயே சிறுத்தை ஒரு வீட்டுக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ மாட்டிக்கொண்டால், வனத்துறைக்கு ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கட்டும். 2023 தீபாவளியன்று குன்னூரில் நாயைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுத்தை வீட்டுக்குள் புகுந்தது. வெளியேற்றப் போன தீயணைப்பு வீரர்கள், வனத்துறையினர் உட்படப் பலர் காயமடைந்தார்கள். ஒரு நாளுக்கு மேல் உள்ளேயே இருந்துவிட்டு அது தானாகவே போய்விட்டது. 2024 ஜூனில் திருப்பத்தூரில் ஒரு கார் நிறுத்தும் கொட்டகைக்குள் சிறுத்தை நுழைந்தபோது, அங்கிருந்தவர்கள் காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் இருந்தார்கள். பத்திரமாக மீண்டார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, குனியமுத்தூரை அடுத்த பி.கே.புதூரில், 2022 ஜனவரியில் ஒரு பழைய கிடங்குக்குள் சிறுத்தை பதுங்கியது. வனத்துறையினர் வாசலில் கூண்டை வைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் அதுவே நடந்து வந்து கூண்டில் ஏறியது.

‘மயக்க ஊசி போட வேண்டியதுதானே’ என்று கூட்டத்தில் கத்துவார்கள். நான் போடுகிறவன், அதனால் சொல்கிறேன். ஊசி பட்டவுடன் சிறுத்தை விழாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எடையை நாங்கள் கண்ணால் பார்த்துத்தான் கணிக்கிறோம். குறைந்தால் மயங்காது, கூடினால் மூச்சு நின்றுவிடும். அந்தப் பத்து நிமிடமும் அது வலியோடு ஓடும், ஓடும் திசையில் ஐந்நூறு பேர் கைபேசியோடு நிற்பார்கள். ஒருமுறை கூட்டத்தை விலக்கச் சொல்லிக் கெஞ்சியும் யாரும் நகரவில்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்த என் கை நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

புதரிலோ சோளக்காட்டிலோ குட்டிகளைப் பார்த்தால் தூக்கக்கூடாது. தாய் இரை தேடிப் போயிருக்கும், வரும். இடத்தை விட்டு விலகி வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆடு வளர்ப்பவர்களுக்கும் ஒன்று: ஆடு அடிபட்டால் புதைத்துவிடாமல், வனத்துறையினர் வந்து பார்க்கும்வரை அதே இடத்தில் வைத்திருங்கள். இழப்பீட்டுக்கு அது தேவை. இழப்பீடு கிடைக்காத கோபத்தில் செத்த ஆட்டில் விஷம் வைத்துவிடுகிறார்கள். அதில் சிறுத்தை மட்டும் சாவதில்லை.

பையனிடம் எதையும் மறைக்காதீர்கள். பெரியவர்கள் கிசுகிசுத்தால் குழந்தைக்குப் பயம் இரட்டிப்பாகும். நம் மலையில் சிறுத்தை இருக்கிறது, அது ராத்திரியில் நடக்கும், நாம் பகலில் நடப்போம் என்று சொல்லுங்கள். நாலு வயதுக்கு அது புரியும். எதிர்வீட்டு வீடியோவைக்கூடக் காட்டலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

இன்று மாலை ஆறு மணிக்குள் நாயை உள்ளே கட்டிவிடுங்கள். வாசல் விளக்குக்குப் பல்பு இல்லையென்றால் இப்போதே வாங்கி மாட்டுங்கள். சங்கக் கூட்டத்துக்கு எழுதும் மனுவை எனக்கு அனுப்பினால், வனத்துறைக்கு எந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்று பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.